வாசற்படியில் சுருண்ட மஞ்சள்

ஃபோலி அத்தானைப் பற்றிக் கேட்டால் வோகான் சந்தையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "முட்டைக்கார ஃபோலியா? நிறம் மாட்டிச்சாமா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் என் அக்கா கோகோயேயின் கணவர், என் மருமகப்பிள்ளை எசெனாமின் அப்பா. நானும் அவர்கள் வளவிலேயே ஓரமாக ஒரு அறையில் இருக்கிறேன். காலையில் சோளக்கூழ் காய்ச்சி விற்பேன்.

அத்தானுக்குப் பாம்புத் தொழில். அறுவடை முடிந்து காடு காயும் மாதங்களில் மண்வெட்டியோடு போய் எலிவளையும் கறையான் புற்றும் தோண்டுவார். எங்கள் பக்கத்து மலைப்பாம்பு சின்னது, சாது. தொட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். சினைப் பாம்பையும் முட்டையையும் சாக்கில் கட்டித் தலைநகர் லோமேக்குப் பக்கத்தில் உள்ள பண்ணைக்குக் கொடுப்பார். குட்டிகள் விமானம் ஏறி எங்கேயோ போய்க் கண்ணாடிப் பெட்டியில் வளரும். முட்டையிட்ட பிறகு தாய்ப்பாம்பை எடுத்த வயலிலேயே கொண்டுபோய் விடுவார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

அவர் பிடித்ததெல்லாம் ஒரே நிறம். பழுப்பில் கறுப்பு. நிறம் மாறிய ஒன்றைப் பார்க்க வேண்டும், தன் கையால் எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. பக்கத்து வளவு அனானிக்கு எப்போதோ வெளிறிய பாம்பு ஒன்று கிடைத்தது. அதை விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினான். வண்டி துருப்பிடித்துப் போயும் பேச்சு துருப்பிடிக்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கும் பழுப்புதானா? காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி முகத்தைக் கழுவிட்டுப் போ. பாம்புக்கும் கண்ணு இருக்குல்ல!"

அத்தான் கோபப்படமாட்டார். மாலையில் களி உருட்டியபடி எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

"மஞ்சளா இருந்தா மட்டும் போதாது. நம்ம கறுப்பு இருக்கே, அது கரைஞ்சு போயிருக்கணும். மஞ்சள்ல அழுக்கு கலக்கக் கூடாது. குட்டியில பளபளன்னு இருந்துட்டு வளர வளர மங்கிப்போறது நெறைய உண்டு. பெருசானப்புறமும் நிக்கிற நிறம்தான் நிறம்."

"அவ்வளவுதானா?" என்பாள் அக்கா.

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. குட்டிக்கு வரணும். அது ஒண்ணு மட்டும் மஞ்சளா இருந்தா வேடிக்கை, பார்த்துட்டுப் போயிடுவாங்க. குட்டியிலயும் வந்தா அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வருவாங்க."

"எனக்குப் பழுப்புதான் அழகு. அது எங்க பெரியவங்க கட்டின துணி. வெள்ளைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் வெளுக்கணும்" என்று முடிப்பாள் அக்கா.

அக்காவும் நானும் கிளிஜி ஊர்ப் பக்கம். அங்கே இந்தப் பாம்பு பெரியவர். வீட்டுக்குள் வந்துவிட்டால் விருந்தாளி. சோளமாவு கரைத்த தண்ணீரைத் தெளித்து, குனிந்து வணங்கி, அவர் இஷ்டம்வரை இருக்க விடுவோம். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர் பாம்பு பிடிக்கிறார் என்றதும் மாமன்கள் எழுந்துவிட்டார்கள். நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காட்டில் இருப்பது மாப்பிள்ளையின் பிழைப்பு. வாசல் தாண்டி உள்ளே வந்தது பெண்ணின் விருந்தாளி, அதன்மேல் கை வைக்கக் கூடாது. முன்னோருக்குத் தண்ணீர் ஊற்றி அத்தான் வாக்குக் கொடுத்தார். பிறகு எத்தனையோ பழுப்புப் பாம்புகள் வீட்டுக்கு வந்து போயின. ஒதுங்கி வழிவிட்டார். பழுப்புதானே.

ஒருநாள் விடியலில் நான் சமையல்கட்டைக் கூட்டப் போனேன். வாசற்படியின் மேல், பாதி உள்ளேயும் பாதி வெளியிலுமாக ஒரு பாம்பு நீண்டு கிடந்தது. பழுத்த மாம்பழத் தோல் நிறம். கறுப்பு இருக்க வேண்டிய இடங்களில் தேன் தடவியது போல் இருந்தது. என் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. அது உடனே அந்தப் படியிலேயே சுருண்டுகொண்டது.

ஓடிப் போய் அத்தானின் காலைத் தட்டினேன். வந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார்: "பெருசு. சினையா வேற இருக்கு. நிறம் நின்னுருக்கு பாரு."

அதற்குள் அக்காவும் வந்துவிட்டாள். "எசெனாம் அப்பா, கைய எடுங்க."

"நான் எங்க தொட்டேன்?"

"கண்ணு தொடுதே. வீட்டுக்கு வந்திருக்காங்க."

"படியில இருக்கு. படி வீடா?"

"படி இல்லாம வீடு உண்டா?"

"வாசல் தாண்டி உள்ளன்னுதான் உங்க மாமா சொன்னாரு. இன்னும் தாண்டல."

அக்கா யோசித்தாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தலைதான் சுருளுக்குள்ளே போய்விட்டதே. தானாக அவிழட்டும், யாரும் தொடக் கூடாது, காத்திருப்போம் என்று முடிவானது.

அன்று கூழ் இல்லை. கூழுக்கு வந்தவர்களெல்லாம் பாம்பைப் பார்த்துவிட்டு, காலி கிண்ணத்தோடு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். அனானியும் வந்தான். மஞ்சளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு சுற்று சிறுத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அண்ணே, உனக்குன்னு வந்ததுகூட முழுசா வரல பாரு!"

வெயில் ஏறி படி சுட ஆரம்பித்தது. அனானி குனிந்து அத்தானின் காதில் சொன்னான். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"ஈரச் சாக்கு ஒண்ணை வெளிப்பக்கமா போடு. நிழல்னா இந்தப் பக்கமா வந்துடும். நீ தொடலையே, சாக்குத்தானே!"

சாக்கு அத்தானின் கைக்கெட்டும் இடத்திலேயே கிடந்தது. அக்கா கிணற்றடிக்குப் போயிருந்தாள். அத்தான் சாக்கையே பார்த்தார். பிறகு அதை எடுத்து, மடித்துத் தன் அடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தரை சுடுதுடா" என்றார் அனானியிடம்.

பிற்பகலில் சுருள் தளர்ந்தது. ஒரு சின்னத் தலை வெளியே வந்து நாக்கை நீட்டிக் காற்றைப் பார்த்தது. அது அவசரமே இல்லாமல் உள்பக்கம் திரும்பி, விறகு அடுக்குக்குப் பின்னால் போய்விட்டது.

அக்கா மாவுத் தண்ணீர் தெளித்து வணங்கினாள். அத்தானும் குனிந்து வணங்கினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

சில வாரம் கழித்து விறகுக்குப் பின்னால் முட்டைகள் இருந்தன. அவற்றை அணைத்தபடி அது படுத்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு வந்த அக்கா, அத்தானின் எதிரே உட்கார்ந்தாள்.

"முட்டை வாசல் வழியாவா வந்துச்சு?"

"வயித்துக்குள்ள வந்துச்சு."

"அப்ப அது வாசல் தாண்டி வந்த விருந்தாளி இல்ல. இங்கேயே பொறந்தது. மாமாங்க அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். "கேலி பண்றியா?"

"பொரிஞ்சப்புறம் எடுத்துக்கோங்க. அவங்க அணைச்சுப் படுத்திருக்கிற வரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாது."

"அதுவரைக்கும் சமையல்?"

"வெளியில அடுப்பு மூட்டறேன். மழை வந்தா நீங்க குடை பிடிங்க."

மழை வந்தது. குடை பிடித்தார். கீரைக் குழம்பு கொதிக்கும்வரை முதுகு நனைய நின்றார். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முட்டைகள் பொரிந்ததும் குட்டிகளைக் கூடையில் சேர்த்தார். முதல் சட்டை உரிந்த பிறகுதான் நிறம் தெரியும் என்று அத்தான் கூடையைத் திறக்கவே விடவில்லை. சட்டை உரிந்ததும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாதி பழுப்பு. பாதி மஞ்சள், அழுக்கில்லாத மஞ்சள்.

"வந்திருக்கு. குட்டிக்கு வந்திருக்கு" என்று அவருக்கே கேட்காத குரலில் சொன்னார். பிறகு வளவே அதிர, "அனானி! டேய் அனானி! முகத்தைக் கழுவிட்டு வா!" என்று கத்தினார்.

அனானி வந்து நெடுநேரம் குனிந்து பார்த்தான். ஒரு மஞ்சள் குட்டியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "என்னோடது இவ்வளவு சுத்தமா இல்லண்ணே" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் பண்ணையிலிருந்து எக்குவே வந்தார். மஞ்சள் குட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது வெளிநாட்டிலேயே இந்த மஞ்சளை வளர்க்கிறார்களாம், முன்போல் மவுசு இல்லையாம். ஆனாலும் கறுப்பு இப்படித் தேனாகக் கரைந்ததை அவர் பார்த்ததில்லை. நல்ல விலையே சொன்னார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"தாய் எங்க, ஃபோலி அண்ணே? குட்டி எல்லாத்துக்கும் சேர்த்துத் தர்றதைவிட அது ஒண்ணுக்கு அதிகமாத் தர்றேன். காட்டுலேர்ந்து வந்த முதல் தாய், அதுக்குத் தனி மதிப்பு."

தாய் விறகுக்குப் பின்னால்தான் இருந்தது. காலையில் நானே பார்த்தேன். அக்கா அடுப்படியில் கரண்டியை அசைக்காமல் நின்றாள்.

"இது கோகோயேவோட விருந்தாளி வந்த வீடு" என்றார் அத்தான். "அவங்க கிளம்பிப் போயிட்டாங்க."

"எந்தப் பக்கம்?"

"விருந்தாளி பின்னாலேயே போயி பார்ப்பாங்களா, எக்குவே? வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

மூவரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். புகைமீனின் நடுத்துண்டு வீட்டுக்கு வந்தவருக்குத்தான் போகும். அன்று அக்கா அதை எடுத்து அத்தானின் கிண்ணத்தில் போட்டாள். எக்குவே வால்துண்டைச் சாப்பிட்டார்.