டார்கஸ் சொல்லாத சாட்சி

டார்கஸ் பென்ஃபோல்ட் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், பரம்பரைப் பரோனட் பட்டம் உடைய சர் லயனல் வீட்டுச் சலவைக்காரி. அவருடைய ரகசியத் திருமணத்துக்கு அவள்தான் சாட்சி. பிறகு ஒரு நாள், தன் பண்ணையில் திருட்டுத்தனமாக முயல் பிடித்த குற்றத்துக்காக, காய்ச்சலில் கிடந்த அவள் புருஷனைக் குடிசையிலிருந்து மழையில் வெளியேற்றினார் சர் லயனல். மூன்றாம் நாள் அவன் செத்தான்.

இருபது வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். தேவாலயப் பதிவேடு எரிந்துபோயிருந்தது. திருமணத்தை நிரூபிக்காவிட்டால் பட்டமும் பண்ணையும் பங்காளிக்குப் போய்விடும் என்று மகன் ஆல்ரிக் டார்கஸிடம் ஓடிவந்தான்.

"எங்கம்மா கல்யாணத்தைக் கண்ணால பாத்தவ நீ. ஒரு வார்த்தை சொல்லு, டார்கஸ்."

"எந்தக் கல்யாணம், சின்னய்யா? நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

அந்தப் பிள்ளை தனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வக்கீல் முன்னாலும் அதையே சொன்னாள். பட்டத்தையும் பண்ணையையும் இழந்து வசந்தத்தில் ஆல்ரிக் கனடாவுக்குப் புறப்பட்டபோது, அவன் வண்டி மறையும்வரை மனசு குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.