இன்னும் ஒரு வீச்சு

தூண்டில் போட வருகிறவர்களைப் பார்த்தால் பொடியக்காவுக்குச் சிரிப்புதான் வரும். இருட்டப் போகிற நேரத்தில் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, கடைசியா ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன், நாலு பொடி குடுங்க" என்பார்கள். அரைமணி கழித்து அதே ஆள் அதே வாசலில் நிற்பார், அதே கடைசியோடு.

"உங்க கடைசிக்கு ஒரு கடைசி கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே தொட்டிக்குள் கைவலையை விடுவாள்.

விரால் மீனுக்கு இரையாகத் தூண்டில் முள்ளில் மாட்டுகிற பொடிக்கெண்டை துள்ள வேண்டும். செத்ததை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படி உயிரோடு பொடி விற்கிறவள் என்பதால்தான் அவள் பொடியக்கா. ஏரிக்கரைக்கு வருகிற எழுபது வயதுக்காரருக்கும் அவள் அக்காதான்.

வலை முதலில் அவள் கையில் இல்லை. கணவர்தான் வீசிக்கொண்டிருந்தார். ஒரு மழைநாளில் கரைப்படியில் வழுக்கி விழுந்தார், வலது தோள் நழுவியது. கட்டுப் பிரித்த பிறகும் கை தோளுக்கு மேலே போகவில்லை. ஒரு வாரம் வலை ஆணியில் தொங்கியது. எட்டாம் நாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் தண்ணீரில் இறங்கினாள். முதல் வீச்சு சுருட்டிய போர்வை மாதிரி தொப்பென்று விழுந்தது, கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று மாதத்தில் வலை வட்டமாக விரிந்தது, சிரிப்பும் நின்றது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வலைக்கயிற்றின் நுனியில் இருக்கும் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் வீச வேண்டும், இல்லாவிட்டால் வலையும் போய்விடும். அந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையமே விழுந்திருந்தது.

பிடிப்பது பாதி வேலை. பிழைக்க வைப்பதுதான் மீதி. வீட்டின் முன்னறையில், மற்ற வீடுகளில் நாற்காலி மேசை போடுகிற இடத்தில், நான்கு சிமெண்டுத் தொட்டிகள். காற்று மோட்டார் ராப்பகலாக முனகும். கரண்ட் போனால் அவள் கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மருந்து வாடைக்கே மீன் செத்துவிடும், டிரம்மில் இரண்டு நாள் ஆற வைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் மாற்ற வேண்டும். தொட்டிக்கு இருநூறு மீன், அதற்கு மேல் ஒன்றுகூட விடமாட்டாள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, இவள் நாலு தொட்டிக்குள் ஓட்டினாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள். அம்மா ஈர உடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மகள் பெயரைக் கூப்பிடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்ததும் அவளுக்குத் தொட்டிதான் ஞாபகம் வந்தது, எழுந்து ஓடிவிட்டாள். சாயங்காலம் கோப்பையோடு வீட்டுக்கு வந்த பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "மீன் பிழைச்சுதா?"

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு கேலிப்பேச்சு ஆகிவிட்டது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு வலித்தது.

அந்த மகளுக்குத்தான் இப்போது தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வருவியாம்மா? இல்ல மீன் விடாதா?" என்று போனில் கேட்டாள்.

"மீனாவது மண்ணாவது! நீ கண் முழிக்கறப்போ பக்கத்துல நான் இருப்பேன். இது சத்தியம்டி."

மகள் ஊருக்கு நேராகப் போகிற பஸ் நாளுக்கு ஒன்றுதான், காலை ஒன்பது பத்துக்கு. வெள்ளிக்கிழமை அதில் ஏறினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். இடையில் ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் போட்டி, அறுபது பேர் பொடி சொல்லி வைத்திருந்தார்கள். கணவரால் வலை வீச முடியாது. அதனால் வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் வீசினாள். தொட்டிக்கு ஐந்நூறு கொட்டினாள்.

"கூட்டம் ஜாஸ்தியா தெரியலையா உனக்கு?" என்று கணவர் கேட்டார்.

"மூணு நாள்தானே, தாங்கும். நான் இல்லாதப்போ நீங்க வலையைத் தொட்டு இன்னொரு தோளையும் கழட்டிக்க வேணாம்."

ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள் தன் கணக்கை மறந்தாள். வெள்ளிக்கிழமை விடியும்போது வாடைதான் அவளை எழுப்பியது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு தொட்டியிலும் தண்ணீரே தெரியவில்லை, வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. மூச்சுக்குக் காற்று போதாமல் இரண்டாயிரமும் செத்துப் போயிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கணவர் வாளியை எடுத்து அள்ள ஆரம்பித்தார். "போனது போச்சு. நீ குளிச்சிட்டுக் கிளம்பு. மேட்டுக்கடைக்காரன்கிட்ட வாங்கி சமாளிச்சுக்கறேன்."

"அவன் பொடியா? முள்ளுல மாட்டறதுக்குள்ள மூச்சை விட்டுடும். அவன் வாசல்ல போய் நிப்பீங்களா?"

"நிக்கறேன். அதனால என்ன இப்ப?"

உண்மையில் அதனால் ஒன்றும் இல்லை. மனுஷர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். இருவருமாகத் தொட்டிகளைக் கழுவி ஆறின தண்ணீரை நிரப்பினார்கள். அவள் குளித்து, நல்ல உடை உடுத்தி, குழந்தைக்காகத் தைத்து மடித்த பழைய பருத்தித் துணிகளைப் பைக்குள் வைத்தாள். எட்டு மணி. பஸ் நிற்குமிடம் ஏரிக்கரையின் மறுமுனையில், பத்து நிமிஷ நடை.

வாசலைத் தாண்டும்போது ஆணியில் வலை தொங்கியது.

"ஒரே ஒரு வீச்சு. போற வழிதானே" என்றாள்.

"வேணாம்மா."

"வெறும் தொட்டியைப் பாத்துட்டுப் போக மனசு வரல. ஒண்ணே ஒண்ணு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பையை இடது கையில் வாங்கிக்கொண்டார். "நான் ஸ்டாப்புல நிக்கறேன். வந்துடு."

போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். முதல் வீச்சில் கைப்பிடி அளவு. இரண்டாவதில் பாசிதான் வந்தது. மூன்றாவதில் வலை கல்லில் மாட்டிக்கொண்டு அரைமணியைத் தின்றது. "சரி, கடைசியா இன்னும் ஒண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது பத்தடி தள்ளி, தண்ணீர் மேல் தூறல் விழுகிற மாதிரி சலசலத்தது. கூட்டமாகப் பொடி. வீசினாள். வலை முழு வட்டமாக விரிந்து இறங்கியது, கயிறு மணிக்கட்டை வெடுக்கென்று இழுத்தது. அவ்வளவு கனம். இப்போது கயிற்றைத் தளர்த்தினால் வலை விளிம்பின் ஈயக்குண்டுகள் விலகி வாய் திறந்துகொள்ளும், ஒரு மீன்கூட மிஞ்சாது.

கரைச்சாலையில் பஸ் வந்தது.

கணவர் சாலையின் நடுவில் போய் நின்று, பையோடு இடது கையை ஆட்டி அதை நிறுத்துவது தெரிந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஜன்னல்களில் தலைகள் ஏரிப்பக்கம் திரும்பின. மணிக்கட்டில் இருந்தது முடிச்சு இல்லை, வெறும் சுருக்கு. கழற்ற ஒரு நொடி போதும். வலது கை அந்தச் சுருக்குக்குத்தான் போனது. போய், கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டது.

பஸ் போய்விட்டது. கணவர் பையோடு அங்கேயே நின்றார்.

கழுத்தில் போன் அடித்தது. கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.

"பஸ் ஏறிட்டியாம்மா?"

வலைக்குள் மீன்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் மகளுக்குப் பிறந்த வீட்டுச் சத்தம்தான். கேலியே இல்லாமல் மகள் கேட்டாள்.

"நிறைய கெடச்சுதா?"

"ம்..." அம்மா அழுதாள்.

"சரி, அழாத. சீக்கிரம் இழு. செத்துடப் போகுது."

போன் நின்றது. அவள் இழுத்தாள்.