அம்மாள் கேட்ட குளிசை

எனக்கு வந்த நோய்க்கு ஊரில் பெயர் இல்லை. நரம்பியல் வைத்தியர் சொன்ன பெயரோ எங்கள் பண்டத்தரிப்பில் எவர் வாயிலும் நுழையவில்லை. கிருமிகளோடு சண்டை பிடிக்கவேண்டிய உடம்பு தன் நரம்புகளோடேயே சண்டை பிடிக்கிறது என்று விளக்கினார். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், காலும் முதுகும் விறைத்துக் கட்டையாகிவிடுவேன். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் விழவேண்டியதுதான். குளிசைகள் தந்தார். என்ன நடந்தாலும் அவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

குளிசை நோயைத் தணித்ததே தவிர மாற்றவில்லை. ஆகவே வேறு வழிகளை நானும் தேடினேன். யார்தான் தேடமாட்டார்கள்? நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தேன். இடுப்பு இளகியது, இன்றும் அதை விடவில்லை. மூச்சுப் பயிற்சி செய்தேன், பயம் குறைந்தது. பாரிசிலிருந்து மச்சாள் அனுப்பிய பச்சைத் தூள் குப்பைக்குப் போனது. எது சரிவருகிறது என்று என் உடம்பைக் கேட்டு நானே தீர்மானித்தேன். அதுதான் வீட்டில் பிடிக்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொள்வது அக்கா. அவள் உடுப்பிட்டிப் பக்கம் நாட்டு வைத்தியம் செய்யும் ஒரு பரியாரியாரைக் கண்டுபிடித்தாள். அவருடைய கசாயத்தைக் குடிக்க எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அவர் சொன்ன பத்தியத்தில் கத்தரிக்காய், கருவாட்டோடு சேர்த்து இங்கிலீசு மருந்தும் விலக்கு.

“பத்தியம் எண்டால் பத்தியந்தான். குளிசையை விடு,” என்றாள் அக்கா.

“விடமாட்டன். நிப்பாட்டினால் விழுவன்.”

“எல்லாம் தனக்குத்தான் தெரியும் எண்ட எண்ணம்!”

“ஓம், என்ரை உடம்பு எனக்குத்தான் தெரியும்.”

அடுத்த நாள் குளிசை போட்டு வைக்கும் தகரப் பேணியைக் காணவில்லை. அலுமாரி பூட்டிக் கிடந்தது, திறப்பு அக்காவின் இடுப்பில் தொங்கியது. கத்தினேன், கெஞ்சினேன். “உன்ரை நன்மைக்குத்தானேடி,” என்று அவள் அழுதாள். அந்தக் கண்ணீருக்கு முன்னால் என் கோபம் எடுபடவில்லை.

அந்தக் கிழமை அம்மன் கோவில் பொங்கல். போகாவிட்டால் தெய்வக் குற்றம் என்று என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பூசைக்கு மணியும் பறைமேளமும் ஒன்றாக எழுந்ததுதான் தாமதம், நான் விறைத்துப்போனேன். பக்கத்துப் பெண்கள் விழாமல் பிடித்தார்கள். அம்புலன்சைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

“கலை வந்திட்டுது!” என்று கத்தினார்கள்.

என்னில் அம்மாள் இறங்கிவிட்டாளாம். மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள், கைக்குள் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒருத்தி, மகனின் கனடா விசா சரிவருமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வலியில் உயிர் போகிறது, அவளுக்கு விசா!

பூசாரி முன்னால் வந்து கும்பிட்டார். “தாயே, என்ன குறை? என்ன வேணும், சொல்லம்மா.”

இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“குளிசை,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “அலுமாரிக்கை பூட்டி வைச்சிருக்கிற குளிசை. இப்பவே வேணும்.”

“தாறன் தாயே, பொறுத்துக்கொள்ளம்மா,” என்று அக்கா என் காலில் விழுந்தாள். அதே ஓட்டோவில் பறந்துபோய்ப் பேணியோடு வந்தாள். கும்பிட்டு, இரண்டு கைகளாலும் ஏந்தித் தந்தாள். விழுங்கினேன். வெகுநேரம் கழித்துத்தான் கால் இளகியது.

மறுநாள் காலையில் குளிசையும் தண்ணீரும் கேட்காமலே வந்தன. “அம்மாளின்ரை கட்டளை, குடி,” என்றாள் அக்கா.

பேசாமல் குடித்திருந்தால் என் பாடு சுகம். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டால் விசர்க்கதை, அம்மாள் கேட்டால் கட்டளையா?

“அது அம்மாள் இல்லை,” என்றேன். “நான். நேற்றுக் கேட்டதும் நான்தான், அதுக்கு முதல் கேட்டதும் நான்தான். திறப்பைத் தா.”

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அக்கா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தாள். இந்த முறை கும்பிடவில்லை.