‘முன்’ படத்தில் என் அத்தை

என் அத்தைக்குத் துணி பிரித்துத் தைக்கும் வேலை. பேன்ட் இடுப்பைக் குறுக்குவாள், ஜிப் மாற்றுவாள், கிழிசலை இருந்த இடம் தெரியாமல் மூடுவாள். பள்ளிக்கூடத்தார் என் சீட்டைக் கிழித்ததைத் தவிர எல்லாக் கிழிசலையும் அவளால் சரிசெய்ய முடியும்.

போன வருடம் ஒரு கடை வாசலில் இலவசமாகப் படம் எடுத்தார்கள். அத்தையும் போய் நின்றாள். “சிரிக்காதீங்கம்மா” என்றார்கள், சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மாதம் கழித்து எங்கள் பஸ் நிறுத்தத்தில் முகம் வெளுக்கும் க்ரீம் போஸ்டர். இடப்பக்கம் ‘முன்’: அத்தை, இருட்டடித்துப்போய். வலப்பக்கம் ‘பின்’: பளபளவென்று யாரோ ஒருத்தி. இருவருக்கும் மூக்குகூட ஒன்றுபோல் இல்லை.

அன்றிலிருந்து அத்தை அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்துபோய் பஸ் ஏறினாள். கேட்டால், “நடந்தா உடம்புக்கு நல்லதுடி” என்பாள். உடம்புக்கு நல்லது என்று அவள் ஒரு கேரட்கூடத் தின்றதில்லை.

ஒருநாள் ஜிப் மாற்ற வந்தவள் கேட்டாள்: “அக்கா, அந்த க்ரீம் உங்களுக்கு மட்டும் வேலை செய்யலையா?” அத்தை வாயில் குண்டூசி வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. அவள் போன பிறகும் ஊசியை எடுக்கவில்லை.

அத்தை வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று என் போனில் இருந்தது. தைக்க வந்த யாருடைய பேன்ட்டையோ மாமா தெரியாமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்த அன்று எடுத்தது. பிரிண்ட் கடையில் இருக்கும் என் சிநேகிதி கம்பி (ஆள் அப்படித்தான் இருப்பாள்) அதைப் பெரிதாக அச்சடித்தாள், நான் வெட்டினேன். பட்டப்பகலில் ரோட்டு வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, ஏணியும் பசை வாளியுமாக அந்த நிறுத்தத்துக்குப் போனோம். ஆரஞ்சுச் சட்டைக்காரர்களை உலகத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு பெரியவர் ஏணியைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ‘முன்’ அத்தை, உம்மென்று. ‘பின்’னும் அத்தை, கடைவாய்ப்பல் தெரிய. நடுவில் க்ரீம் டப்பா, திருதிருவென்று.

சாயங்காலம், எனக்குக் கால் சுளுக்கிவிட்டது, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று பொய் சொல்லி அத்தையை அந்த நிறுத்தத்துக்கே இழுத்து வந்தேன். எதிர்ப்பக்கமே நின்றுவிட்டாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாரு வேலைடி இது?”

“தெரியல அத்தை.”

“இந்தப் படம் உன் போன்ல மட்டும்தானே இருக்கு, கழுதை.”

சாலையைக் கடந்து கிட்டே போனாள். நின்றவர்கள் எல்லாரும் அவளையும் போஸ்டரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அத்தை ஓரத்தைத் தடவினாள். “வெட்டியிருக்கே பாரு, எலி கடிச்ச மாதிரி!” பையிலிருந்து கத்தரியை எடுத்து, ஒட்டாமல் தொங்கிய விளிம்பை நேராக்கினாள்.

காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மாள் கேட்டார்: “ஏங்க, இதுல நீங்க எது?”

“ரெண்டுமேதாங்க. அன்னைக்குச் சிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தையும்தான்.

நாலாம் நாள் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டுக் குளிர்பானப் போஸ்டரை ஒட்டினார்கள். அத்தை இப்போதும் அங்கேதான் ஏறுகிறாள். ஜன்னலோர சீட்டு கிடைக்கிறதாம்.