தட்டில் முளைத்த சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியைப் பெருக்கும் அம்மாள் லேபுக்குள் வந்து, "ருக்மணியம்மா போயிட்டாங்களாம்பா" என்றாள். கையிலிருந்த வேலையை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

பெரிய காஞ்சிபுரத்து லேபில் பதினோரு வருஷம் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கறாரானவர் என்றுதான் உங்களில் பலர் அவரை நினைத்திருப்பீர்கள். உண்மைதான். மைக்ராஸ்கோப் கண்ணாடியில் என் விரல் ரேகை தெரிந்தால், "நீ பாத்தது கிருமியா, உன் கட்டைவிரலா?" என்பார்.

அறுபதுகளின் கடைசியில் நெசவாளி மாசிலாமணி முழங்கால் வீங்கி வந்தார். முப்பது வயது, நோய்நொடி அறியாத உடம்பு. மூட்டிலிருந்து ஊசியில் எடுத்த சீழைக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தடவி வைத்தேன். இரண்டாம் நாள் தட்டில் சிவப்பு. அவர் வீட்டில் பட்டுக்குச் சாயம் போடுவார்கள், காலெல்லாம் கறை. ஊசியோடு சாயமும் வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். இந்த ஊரில் சிவப்பைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? தட்டைக் கொதிநீரில் போட்டுவிட்டு, ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, லீவு முடிந்து வந்த ருக்மணியம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பரவி இருந்திச்சா, புள்ளி புள்ளியா இருந்திச்சா?"

"புள்ளிதான்."

"சாயம் புள்ளி வெக்காதுபா. அது உயிரு."

அன்றே மாசிலாமணி வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தார். மறுபடியும் ஊசி, மறுபடியும் அதே சிவப்புப் புள்ளிகள். தண்ணீரிலும் மண்ணிலும் சும்மா கிடக்கிற கிருமி. நல்ல உடம்புக்காரர் மூட்டில் அது ஏறும் என்று டாக்டரே எதிர்பார்க்கவில்லை. மருந்தை மாற்றினார். உயிர் தப்பியது. முழங்கால் மடங்காமல் போயிற்று. குழித்தறியில் காலை இறக்கி மிதிக்க வேண்டும். மாசிலாமணி அதன்பின் தறியில் உட்காரவில்லை.

நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவேன். ருக்மணியம்மா போய் வருவார். அங்கே என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சாவு வீட்டில் மாசிலாமணி விறைத்த காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "மொத தபா தப்பா பாத்தது நான்தான்னு அம்மா எங்கிட்ட அழுதாங்க சார். அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். அப்படி ஆட்டியதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தத் தவறு என்னுடையது. ருக்மணியம்மாவை அறிந்த எல்லோருக்கும் இது தெரிய வேண்டும். அவர் விட்டுப்போனதில் எனக்குச் சேர வேண்டியது அது ஒன்றுதான், எடுத்துக்கொள்கிறேன். நாளை மாசிலாமணி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். அவர் மன்னித்தது ருக்மணியம்மாவை.