பூஜையில் வைக்காத புத்தகம்

எங்கள் வீட்டில் குளியலறையில் யாராவது இருந்தால் "சோழர் காலத்துல ஆள் இருக்கு" என்று சொல்வோம். காரணம் நான். பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவான கையோடு நான் இணையத்திலிருந்து இறக்கிய முதல் வரலாற்றுப் பாடத்திட்டம், கற்காலம் தொட்டு ஒரு நீளக் காகிதத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடம் எவ்வளவு நீளம் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. எகிப்து வருவதற்குள் ஜன்னல் வந்துவிட்டது. சோழர்கள் குளியலறைக் கதவில்தான் ஆட்சிக்கு வந்தார்கள். வந்த வாரமே ஈரத்தில் ஊறி ஓரம் உரியவும் தொடங்கினார்கள்.

பாடம் ஒன்றுகூடத் தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதம் ஒட்டியதோடு சரி.

இவ்வளவுக்கும் மூலம் மகளின் அழுகை. இரண்டாம் வகுப்பு முழுக்க, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்குப் போக மாட்டேன் என்று தினமும் காலையில் அழுதாள். நான் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். அழுகையைக் கேட்டுக்கொண்டே கல்வி பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இந்நாட்டுக் கல்விமுறையே குழந்தைகளை நசுக்குகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. உறையூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் மனைவி, அலுத்துத் திரும்பிய ஒரு சாயங்காலத்தில் என் சொற்பொழிவு முழுவதையும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"சரிங்க, பாருங்க. ஆனா விஜயதசமிக்குள்ள என்ன புக்கு, என்ன பாடம்னு முடிவாகணும். இல்லன்னா அன்னிக்கே பக்கத்துத் தெரு ஸ்கூல்ல சேர்த்துருவேன். அப்புறம் பேசக் கூடாது."

புத்தகம் தேர்ந்தெடுக்க அவ்வளவு நாளா என்று சிரித்தேன். கோடை விடுமுறை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அறிவியலுக்கு நான் முதலில் பிடித்தது ஏதோ குளிர்நாட்டுப் புத்தகம். உதிர்ந்த இலைகளை நிறவாரியாகச் சேகரிக்கச் சொன்னது. எங்கள் ஊரில் வெயில், கத்திரி வெயில் என்று இரண்டே பருவம். இலைகூட விழ யோசிக்கும். அடுத்த பாடம் பனி. விடுவேனா? ஃப்ரீசரைச் சுரண்டி ஒரு தட்டில் கொட்டி மகனிடம் நீட்டினேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. விரலால் தொட்டு நக்கினான்.

"இதுல எதுப்பா பனி, எது தேங்கா?"

சமையலறையிலிருந்து மனைவி, "துருவி வச்ச தேங்காயைக் காணோமே" என்றாள். அந்தப் பாடத்திட்டம் அத்துடன் முடிந்தது.

வரலாற்றுக்கு வேறொன்று பார்த்தேன். அதில் எல்லா மன்னர்களும் நல்லவர்கள். இன்னொன்றில் மன்னர் ஒருவர்கூட இல்லை, வெறும் வருடங்கள். மூன்றாவது, குழந்தைகள் தாங்களாகவே கேள்வி கேட்கும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டும் என்றது. காத்திருந்தேன். "டிவி போடட்டுமா?" என்று கேட்டார்கள். இப்படி வீட்டிலேயே படிக்க வைப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு, போன வருடம் வேறு வைத்திருந்தோம் என்றார்கள். எனக்கு உடம்பே சோர்ந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுக்காமலே ஒரு வாத்தியாருக்கு இருக்க வேண்டிய களைப்பு முழுவதும் வந்து சேர்ந்திருந்தது.

ஒருநாள் மனைவி, மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடையிலிருந்து மூன்றாம் வகுப்பு அரசுப் பாடநூல் ஒன்றை வாங்கி வந்து என் மேஜையில் போட்டாள்.

"வரலாறும் இருக்கு, சயின்ஸும் இருக்கு. ஒரே அட்டை."

புரட்டினேன். யாரோ ஒரு குழந்தை, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கிறுக்கியிருந்தது. மன்னர்களுக்கு மீசை, சரி. தக்காளிக்கும் மீசை. "இதையா படிக்கிறது?" என்று அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. முடிவு வரவில்லை. நாளைக்கு விஜயதசமி என்று மனைவி சொல்லவில்லை; சுண்டலுக்குத் தாளிக்கும்போது கரண்டியை வைத்த சத்தத்தில் அது இருந்தது. வீட்டில் உள்ள புத்தகங்களையெல்லாம் கொண்டு வந்து அடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் பறந்தார்கள். பனிப் புத்தகம், வருடப் புத்தகம், நான் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு வைத்த மாதிரிப் பாடங்கள் எல்லாம் பொரி, கடலைக்கு நடுவே ஏறின. மிக்ஸிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று.

எனக்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது. சிறுவயதில் என் கணக்குப் புத்தகம்தான் எப்போதும் முதலில் போய் சாமிக்கு முன்னால் உட்காரும். பிடித்த புத்தகத்தை யாரும் வைப்பதில்லை.

பூஜை முடிந்து வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. தேடினேன். மகன் கட்டிலுக்கு அடியில், மிக்ஸியோடு வந்த சின்னக் கையேட்டை விரித்து வைத்திருந்தான். பாகம் பாகமாகக் கழற்றிய படம்.

"டேய், இன்னிக்குப் படிக்கக் கூடாது."

"இது புக் இல்லப்பா. மிக்ஸியோடது."

மகள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த மீசைத் தக்காளிப் புத்தகம். கூடவே ஒரு பென்சில். என்னைப் பார்த்ததும் மூடப் பார்த்தாள். வாங்கிப் பார்த்தேன்.

பக்கத்தின் ஓரத்தில், மீசை போட்ட அந்தப் பழைய குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு குழந்தையும் பாடம் நடக்கும்போதே எழுதிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 'இன்னைக்கு முட்டை.' 'எனக்கு ஊறுகா தரியா?' 'மிஸ் பாக்குறாங்க.' அதற்குக் கீழே புதிய பென்சிலில், என் மகளின் சாய்ந்த கையெழுத்து: 'நான் தரேன். எங்க வீட்ல மாவடு இருக்கு.'

இன்னும் பக்கங்கள் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தாள்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கோடையிலேயே கேட்டிருக்கலாம்.

"ஸ்கூலுக்குப் போகணும்னு இருக்காடா?"

"வேன்ல இல்லன்னா போறேன்."

"வேனா?"

"அதுல பெட்ரோல் நாத்தம்ப்பா. வாந்தி வரும். எல்லாரும் சிரிப்பாங்க. அதான் அழுதேன்."

ஒரு வேனை நிறுத்துவதற்குப் பதில் நான் இந்நாட்டுக் கல்விமுறையையே நிறுத்தியிருக்கிறேன். மனைவியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். வெகுநேரம் படித்தாள், இருந்ததோ நாலு வரி.

"மாவடு தீந்து போச்சேங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் சொற்பொழிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பூஜையைக் கலைத்து, வழக்கப்படி ஆளுக்கு ஒரு பக்கம் படித்துவிட்டு, பக்கத்துத் தெருப் பள்ளிக்கு மகளும் நானும் நடந்தே போனோம். விடுமுறையென்றாலும் சேர்க்கைக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை அவளைப் பக்கத்தில் அழைத்தார்.

"இத்தனை நாள் எந்த ஸ்கூல்ல படிச்சே கண்ணு?"

"ஸ்கூல் இல்ல மிஸ். அப்பா புக்கு தேடிக்கிட்டு இருந்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தேன். தக்காளிக்கு மீசை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மகன் வாசலிலேயே நின்றான்.

"அப்பா, அப்ப எனக்கு எந்த புக்?"

ஒன்றாம் வகுப்பில் இந்த வருடம் இடம் இல்லை என்றிருந்தார்கள்; அடுத்த ஜூனில் அவனும் அக்காவோடு போவான். அதுவரை எதையாவது தேடி எடுக்கலாம் என்று பழக்கதோஷத்தில் கை செல்போனுக்குப் போனது. பாதியிலேயே திருப்பி இழுத்துக்கொண்டேன்.

"மிக்ஸியை முடிடா முதல்ல" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போய் கதவைத் தள்ளினேன்.

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். சோழர் காலத்தில் ஆள் இருந்தது. நான் எகிப்தின் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.