ஏசிக்குள் இருந்தது

கடந்த சித்திரை வெயிலில், பரந்தனில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அறை ஏசியிலிருந்து சில நாட்களாகத் தண்ணீர் சொட்டியது. ஊத்தை மணம் வேறு. எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "இண்டைக்கு ஒருத்தர் கழுவ வருவார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். உள்ளே வராமல் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பின்னால முழுக்க வயலோ? ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அந்த அறை அலுமாரியில்தான் என் நகைகள் இருந்தன. அவர் பார்க்கவே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே காவல் இருந்தேன்.

அழுக்குத் தண்ணீர் விழுவதற்காக ஏசிக்குக் கீழே பெரிய பிளாஸ்டிக் பையொன்றைக் கட்டினார். ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, பிள்ளையோட வெளியில போய்க் கதவைச் சாத்துங்கோ" என்றார், திரும்பாமலே.

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்கோ. ஆறுதலா எழும்பிப் போங்கோ."

சந்தேகமே இல்லை, கள்ளன்தான் என்று முடிவுகட்டினேன். "நான் எங்கயும் போகமாட்டன். எனக்கு முன்னால செய்யுங்கோ!"

குரலை உயர்த்தியதுதான் தாமதம், ஏசிக்குள் ஏதோ சரசரத்தது. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு ஒரு வால் வெளியே நழுவியது. அவர் ஏணியை விட்டு இறங்கவில்லை. எனக்கும் ஏசிக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்று, நீளமான திருப்புளியால் அதைக் கீழே நெம்பித் தள்ளினார். பாம்பு 'தொப்'பென்று பைக்குள் விழ, சட்டென்று பையின் வாயை இறுக்கிக் கட்டினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

பாம்பை வயலில் தூர விட்டுவிட்டு வந்து, குழாய் நுழையும் சுவர் ஓட்டையைக் காட்டினார். "இதைப் பார்த்துத்தான் வயலோ எண்டு கேட்டனான். பாம்பெண்டு சொன்னா நீங்கள் கத்துவியள், அது பாய்ஞ்சிடும்."

"உங்களைப் பிழையா நினைச்சிட்டன் அண்ணை."

"தனிய நிக்கிறியள். யோசிக்கத்தானே வேணும்" என்றவர், சீமெந்து குழைத்து ஓட்டையை அடைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஏசியைக் கழுவத் தொடங்கினார்.

என் சந்தேகத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நகைக்குக் காவல் இருப்பதாக நினைத்து, பாம்புக்கு நேரே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்த என்னைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.